ஆபரேஷன் சக்சஸ் என்று யார் சொல்வது?

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் 1990களின் பிற்பகுதியில் நடந்த சில முழங்கால் ஆபரேஷன்கள் வினோதமானவை. நோயாளி தியேட்டருக்குள் வந்து படுத்த பிறகுதான் டாக்டர் புரூஸ் மோஸ்லியின் கையில் ஒட்டிய உறை ஒன்றைக் கொடுப்பார்கள். அதைப் பிரித்துப் படித்தால்தான் இன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கே தெரியும். மூட்டுக்குள் மெல்லிய குழாய் விட்டு, தேய்ந்து பிசிறடித்த குருத்தெலும்பைச் செதுக்கிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சீட்டில் இருக்கலாம். செதுக்காமல் உப்புநீரால் மூட்டை அலசிவிட்டால் போதும் என்றும் இருக்கலாம். ஒன்றுமே செய்யக் கூடாது என்றும் இருக்கலாம்.

மூன்றாவது சீட்டு வந்தால்தான் டாக்டருக்கு வேலை அதிகம். நோயாளிக்குத் தூக்க மருந்து கொடுத்து, முழங்கால் தோலில் ஒரு சென்டிமீட்டர் அளவில் மூன்று கீறல் போடுவார். நிஜ ஆபரேஷனில் கேட்பது போலவே கருவிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவார். காலை மடக்குவார், நீட்டுவார். மூட்டை அலசும்போது வரும் சளசளப்புக்காகத் தண்ணீரை அள்ளித் தெளிப்பார்கள். மூட்டுக்குள் எதுவும் போகாது. செதுக்கும் ஆபரேஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரமும் தியேட்டரிலேயே வைத்திருந்து, பிறகு வார்டுக்கு அனுப்புவார்கள். அன்று இரவு பார்த்துக்கொள்ளும் நர்ஸுக்கு இவர் எந்தச் சீட்டுக்காரர் என்று தெரியாது.

இதைப் படித்ததும் மோசடி என்று தோன்றலாம். ஆனால் ‘எனக்கு ஒப்புக்கு மட்டுமே ஆபரேஷன் நடக்கலாம், அப்படி நடந்தால் என் மூட்டுக்கு அதனால் ஒரு நன்மையும் வராது’ என்ற பொருள்பட அந்த நோயாளிகள் ஒவ்வொருவரும் தங்கள் கேஸ் ஷீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். தகுதியான 324 பேரிடம் கேட்டபோது 144 பேர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். மீதி 180 பேர் சம்மதித்தார்கள். அவர்களை இரண்டு வருடம் விடாமல் பின்தொடர்ந்தார்கள்.

முடிவு 2002 ஜூலையில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. வலியை 0 முதல் 100 வரை அளந்திருந்தார்கள்; எண் ஏற ஏற வலி அதிகம். இரண்டு வருட முடிவில் செதுக்கியவர்களின் சராசரி 51.4. அலசியவர்களுக்கு 53.7. கீறல் மட்டும் வாங்கியவர்களுக்கு 51.6. படியேறுவதையும் நடப்பதையும் நேரம் வைத்துப் பார்த்தபோது, ஒரு கட்டத்தில் நிஜ ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்தான் பின்தங்கியிருந்தார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்கு ஆறரை லட்சத்துக்கும் மேல் இப்படிப்பட்ட ஆபரேஷன்கள் நடந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் சுமார் 5,000 டாலர்.

மூட்டு மருத்துவர்கள் கொதித்தார்கள். ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள், வயதான படைவீரர்கள், ஆபரேஷன் செய்ததும் ஒரே ஒருவர். இதை எல்லாருக்கும் எப்படிப் பொருத்துவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. 2008-ல் கனடாவிலிருந்து வந்த ஆய்வு, பிசியோதெரபியோடு இந்த ஆபரேஷனையும் சேர்த்தால் கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை என்றது. 2013-ல் ஃபின்லாந்துக்காரர்கள் வேறொரு குழுவை எடுத்துக்கொண்டார்கள். மூட்டுத் தேய்மானம் இல்லை, ஆனால் நடுவயதில் தானாகவே ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. சொன்ன 146 பேர். பாதிப் பேருக்குக் கிழிந்த ஜவ்வை வெட்டி எடுத்தார்கள், பாதிப் பேருக்கு வெட்டுவது போல நடித்தார்கள். ஒரு வருடம் கழித்து இரு தரப்புக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. திரும்பவும் இதே ஆபரேஷன் செய்துகொள்வீர்களா என்று கேட்டதற்கு, ஜவ்வை வெட்டிக்கொண்டவர்களில் நூற்றுக்கு 93 பேர் சரி என்றார்கள். நாடக ஆபரேஷன்காரர்களில் 96 பேர்.

எனக்கு இந்த 96 என்ற எண்தான் முக்கியமாகப் படுகிறது. ஜவ்வில் கத்தியே படாத ஒருவர் டாக்டரிடம் திரும்பிவந்து, கையெடுத்துக் கும்பிட்டு, ‘நல்லா நடக்கிறேன் டாக்டர்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார். டாக்டர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்? நானூறு பேருக்குச் செய்தேன், முந்நூற்றைம்பது பேர் நன்றாக இருக்கிறார்கள் என்பார். அவர் சொல்வதில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் அவர் கண்ணால் பார்ப்பதற்கும் கத்திக்கும் உள்ள உறவு அவர் நினைக்கும் உறவு அல்ல.

மூட்டு வலி ஒரே சீராக இருப்பதில்லை, ஏறும், இறங்கும். யாரும் வலி குறைந்த நாளில் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுப்பதில்லை. தாங்க முடியாமல் போன நாளில்தான் ஓடுகிறார்கள். அந்த உச்சத்திலிருந்து வலி எப்படியும் கொஞ்சம் இறங்கத்தான் போகிறது. மருந்து சாப்பிட்டால் சளி ஏழு நாளில் போகும், சாப்பிடாவிட்டால் ஒரு வாரத்தில் போகும் என்கிற பழைய வேடிக்கைதான் இங்கேயும். அதோடு பெரிய ஆஸ்பத்திரி, பச்சை உடுப்பு, பணம், ஓய்வு, வீட்டார் கவனிப்பு எல்லாம் சேர்ந்து மூளை வலியை வாசிக்கும் விதத்தையே மாற்றுகின்றன. ஆபரேஷனுக்குப் பிறகும் வலி போகாதவர் என்ன செய்வார் என்பதையும் நினைக்க வேண்டும். அவர் அதே டாக்டரிடம் வந்து சண்டை போடுவதில்லை. வேறொரு டாக்டரைப் பார்க்கப் போய்விடுகிறார். முதல் டாக்டரின் கணக்கில் அவர் குணமானவர்.

அதனால்தான் உறையும் சீட்டும் தேவைப்படுகின்றன. யார் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்தால், வலி தானாக இறங்குவதும் மனம் தேறுவதும் இரு பக்கமும் சமமாகவே நடக்கும். அதற்கு மேல் ஒரு பக்கம் கூடுதலாக ஏதாவது இருந்தால், அது கத்தியின் வேலை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதெல்லாம் வயதோடு வரும் தேய்மானத்துக்குச் செய்யும் குழாய் ஆபரேஷனைப் பற்றியது. விளையாடும்போது தசைநார் அறுந்துபோன இளைஞருக்கோ, மூட்டே பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் தவிப்பவருக்கோ இந்த முடிவுகளைக் கொண்டுபோய்ப் பொருத்தக் கூடாது. மூட்டு மாற்று ஆபரேஷனும் வேறு கதை. அது நிஜமாகவே வேலை செய்கிறது. 2015-ல் டென்மார்க்கில் முற்றிய தேய்மானம் கொண்ட 100 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லாருக்கும் 12 வாரம் உடற்பயிற்சி, எடைக் குறைப்பு ஆலோசனை, காலணிக்குள் வைக்கும் அட்டை, வலி மாத்திரை. பாதிப் பேருக்கு இவற்றோடு மூட்டும் மாற்றினார்கள். ஒரு வருடத்தில் மூட்டு மாற்றியவர்களின் நிலை நூற்றுக்கு 32.5 புள்ளி உயர்ந்தது, மாற்றாதவர்களுக்கு 16. இரு மடங்கு. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள்: பயிற்சி மட்டும் செய்தவர்களும் முன்னேறியிருக்கிறார்கள், அவர்களில் நான்கில் மூன்று பேர் அந்த ஒரு வருடத்தில் மூட்டு மாற்றப் போகவே இல்லை. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது, மூட்டு விறைத்துப்போவது போன்ற கடுமையான சிக்கல்கள் ஆபரேஷன் பக்கம்தான் அதிகம். செய்யலாமா என்ற கேள்விக்கு இந்த ஆய்வு ஒரே பதில் தரவில்லை. இவ்வளவு ஆதாயம், இவ்வளவு ஆபத்து, நீங்களே பாருங்கள் என்று கணக்கை விரித்துக் காட்டுகிறது. நோயாளிக்கு இதைவிட மரியாதையான பதில் இருக்க முடியாது.

மாற்றிய மூட்டு எத்தனை வருடம் உழைக்கும் என்பதைக் குலுக்கலால் கண்டுபிடிக்க முடியாது. அதற்குப் பொறுமையான கணக்குப்பிள்ளைகள் வேண்டும். ஸ்வீடன் 1975-லேயே முழங்கால் மூட்டுக்கும் 1979-ல் இடுப்பு மூட்டுக்கும் நாடு தழுவிய பதிவேடு திறந்தது. யாருக்கு, எந்தக் கம்பெனி மூட்டு, எந்த மாடல், எப்போது பொருத்தினார்கள், எப்போது கழற்றினார்கள் என்பதெல்லாம் அதில் ஏறும். இப்படிப்பட்ட நீண்டகாலப் பதிவுகளைத் திரட்டித்தான் 2019-ல் லான்செட் இதழில் ஒரு விடை வந்தது: முழு முழங்கால் மூட்டில் நூற்றுக்கு 82-ம், இடுப்பு மூட்டில் 58-ம் 25 வருடம் தாக்குப்பிடிக்கின்றன.

இடுப்பு மூட்டு மாற்றின் தந்தை என்று சொல்லத்தக்க ஜான் சார்ன்லியின் முதல் முயற்சி எப்படி முடிந்தது என்பதை நினைத்தால் இந்த எண்களின் அருமை புரியும். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அவர் முதலில் டெஃப்லான் கிண்ணத்தைப் பொருத்தினார். நோயாளிகள் ஆனந்தமாக நடந்தார்கள். ஓரிரு வருடங்களில் டெஃப்லான் தேய்ந்து, அதன் துகள்கள் எலும்பைச் சுற்றிப் புண்ணாக்கின. நூற்றுக்கணக்கானவர்களுக்கு வைத்தாயிற்று. சார்ன்லி அவற்றைத் தன் கையாலேயே கழற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பொருள் உடம்பில் என்ன செய்கிறது என்று பார்க்கத் தன் தொடைக்குள்ளேயே அதைப் புதைத்து வைத்துக்கொண்டார். 1962-ல் பாலிஎத்திலீனுக்கு மாறிய பிறகுதான் மூட்டு நிலைத்தது. அப்போதும் அவர் உடனே ஊருக்கெல்லாம் கொடுத்துவிடவில்லை. வருடக்கணக்கில் காத்திருந்து பார்த்தார். தன் நோயாளிகளிடம், இறந்த பிறகு அந்த மூட்டைத் திருப்பித் தரச் சம்மதமா என்று கேட்டு வைத்திருந்தார்.

அந்த நிதானம் எல்லாருக்கும் வாய்க்கவில்லை. ஜான்சன் அண்ட் ஜான்சனின் துணை நிறுவனமான டிபுய், உலோகத்தோடு உலோகம் உரசும் ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டை விற்றது. ஆஸ்திரேலியாவின் பதிவேடுதான் இதை முதலில் பிடித்தது: மற்ற மூட்டுகளைவிட இதை அடிக்கடி கழற்ற வேண்டியிருக்கிறது என்று. உரசலில் உதிர்ந்த கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன, மூட்டைச் சுற்றிய தசையை அரித்தன. 2010 ஆகஸ்டில் கம்பெனி உலகம் முழுவதும் அதைத் திரும்பப் பெற்றது. அதற்குள் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது. இந்தியாவில் மட்டும் சுமார் 4,700 ஆபரேஷன்கள். மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு பிற்பாடு அவர்களைத் தேடியபோது, பெரும்பாலானவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. ஒரு ஸ்கூட்டருக்கு ஆர்.சி. புத்தகம் இருக்கிற நாட்டில் இடுப்புக்குள் போன உலோகத்துக்கு முகவரி இல்லை.

இனி மார்பகப் புற்றுநோய்க்கு வருகிறேன். முழங்கால் வலியோடு இதை ஏன் சேர்த்துப் பேச வேண்டும் என்றால், இங்கே கேள்வி இன்னும் கடுமை. முழங்காலில் வலி குறைந்ததா என்று நோயாளி சொல்லிவிடுவார். மார்பகத்தில் செய்த வெட்டு சரியா என்று தெரிய பத்து, இருபது வருடம் ஆகும். அதற்குள் வெட்டியவரே ஓய்வு பெற்றிருப்பார்.

அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட் 1880களில் தொடங்கி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நிலைநிறுத்திய முறை இது: மார்பகம், அதன் அடியிலுள்ள மார்புத் தசைகள், அக்குள் நெறிக்கட்டிகள் அனைத்தையும் ஒரே துண்டாக வெட்டி எடுப்பது. 1894-ல் அவர் ஐம்பது நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டபோது, வெட்டிய இடத்தில் புற்று திரும்ப வந்தது மூன்று பேருக்குத்தான். ஐரோப்பாவின் பெயர்பெற்ற சர்ஜன்களிடம் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. ஹால்ஸ்டெட்டின் கொள்கை எளிமையானது: புற்று மையத்திலிருந்து வெளிநோக்கிப் பரவுகிறது, ஆகவே அகலமாக வெட்டினால் அதை முந்திவிடலாம். அவருக்குப் பின் வந்தவர்கள் இன்னும் அகலமாக, இன்னும் ஆழமாக வெட்டினார்கள். பெண்கள் பிழைத்தார்கள்; ஆனால் விலா எலும்பு தெரியக் குழிந்த மார்போடும் தூணாக வீங்கிய கையோடும். முக்கால் நூற்றாண்டு இதுவே வேதம்.

இங்கே வெற்றி என்று எண்ணியது வெட்டிய இடத்தில் புற்று திரும்பாததை. அந்தப் பெண் எத்தனை வருடம் உயிரோடு இருந்தாள் என்பது வேறு கணக்கு. இரண்டும் ஒன்றென்றே எல்லாரும் நினைத்தார்கள். லண்டனில் ஜெஃப்ரி கெய்ன்ஸ் போன்ற சிலர், பொருளாதார மேதை கெய்ன்ஸின் தம்பி அவர், சின்ன வெட்டும் ரேடியமும் போதும் என்று 1920களிலிருந்தே சொல்லிப்பார்த்தார்கள். கேட்பாரில்லை.

பிட்ஸ்பர்க்கின் பெர்னார்ட் ஃபிஷர் 1971-ல் தொடங்கிய ஆய்வுதான் இதை உடைத்தது. கையால் தடவிப் பார்க்கையில் அக்குளில் நெறி கட்டாத 1,079 பெண்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு ஹால்ஸ்டெட் ஆபரேஷன். இன்னொன்றுக்கு மார்பகத்தை மட்டும் எடுத்துவிட்டு, நம் ஊரில் கரண்ட் வைப்பது என்கிறார்களே அந்தக் கதிர்வீச்சு. மூன்றாவது குழுவுக்கு மார்பகம் மட்டும் எடுப்பது, அக்குளைத் தொடவே மாட்டார்கள். தசையோடு வெட்டுவதா, விடுவதா என்பதைச் சீட்டு முடிவு செய்யட்டும் என்று அந்தப் பெண்கள் சம்மதித்தார்களே, அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்! சர்ஜன்களில் பலருக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. நோயாளியைக் கொலை செய்யச் சொல்கிறாயா என்கிற தொனியில் ஃபிஷரை எதிர்த்தார்கள்.

அந்தப் பெண்களை 25 வருடம் பின்தொடர்ந்த பிறகு, 2002-ல் முழுக் கணக்கு வந்தது. மூன்று குழுக்களிலும் உயிர்பிழைத்தவர்களின் விகிதத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இந்த ஆய்வுக்குள் ஒரு நுட்பமான தகவல் உண்டு. ஹால்ஸ்டெட் குழுவில் எடுத்த அக்குள் கட்டிகளைச் சோதித்தபோது, கையால் தடவினால் தெரியாவிட்டாலும் நூற்றுக்கு 40 பேருக்கு அதற்குள் புற்று இருந்தது. குலுக்கல் நேர்மையானது என்றால், அக்குளைத் தொடாத குழுவிலும் அதே 40 பேருக்குப் புற்று உள்ளேயே விடப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த 365 பேரில் பிற்பாடு அக்குளில் புற்று தலைகாட்டியது 68 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 18.6 பேருக்குத்தான். விட்டுவைத்ததில் பாதி வெளியே வரவே இல்லை. வந்தவர்களும் அதனால் முன்கூட்டி இறக்கவில்லை. யாருடைய உயிர் போகிறது என்பதை அக்குள் தீர்மானிக்கவில்லை. ஆபரேஷனுக்கு வெகு முன்பே ரத்தத்தின் வழியாக வேறெங்கோ போய்த் தங்கிவிட்ட செல்கள் தீர்மானித்திருக்கின்றன. மருந்தால் உடம்பு முழுவதையும் சிகிச்சை செய்ய வேண்டும் என்ற இன்றைய வழி இங்கிருந்துதான் திறந்தது.

1976-ல் ஃபிஷர் அடுத்த படிக்குப் போனார். மார்பகம் முழுவதையும் ஏன் எடுக்க வேண்டும்? கட்டியை மட்டும் எடுத்தால்? மிலானில் உம்பெர்ட்டோ வெரோனேசி மூன்று வருடம் முன்பே 701 பெண்களோடு இதே மாதிரி ஒன்றைத் தொடங்கியிருந்தார். இரண்டு ஆய்வுகளின் இருபது வருட முடிவுகளும் 2002 அக்டோபரில் ஒரே இதழில் அடுத்தடுத்து வெளிவந்தன. கட்டியை மட்டும் எடுத்தவர்களும் மார்பகத்தையே இழந்தவர்களும் ஒரே அளவு வாழ்ந்திருக்கிறார்கள். ஃபிஷரின் ஆய்வில், கட்டியை எடுத்துவிட்டுக் கரண்ட் வைக்காதவர்களில் நூற்றுக்கு 39.2 பேருக்கு அதே மார்பகத்தில் புற்று திரும்பியது, வைத்தவர்களில் 14.3 பேருக்கு. ஆகவே கரண்ட் வைப்பது நிலைத்தது.

குறைவாக வெட்டினால் போதும் என்பது நிரூபணமானதும், மருந்து விஷயத்தில் அதே தவறை மருத்துவ உலகம் திரும்பச் செய்தது. 1990களில், எலும்பு மஜ்ஜையே அழிந்துபோகும் அளவுக்குக் கீமோ மருந்தைக் கொட்டி, பிறகு முன்பே எடுத்து வைத்த மஜ்ஜையைத் திருப்பி ஏற்றும் சிகிச்சை அமெரிக்காவில் பரவியது. கேட்க நியாயமாக இருந்தது: கொஞ்சம் மருந்து கொஞ்சம் கொல்கிறது, நிறைய மருந்து நிறையக் கொல்லும். பணம் தர மறுத்த காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு 1993-ல் கலிஃபோர்னியா ஜூரி 8.9 கோடி டாலர் தண்டம் விதித்தது. அதன் பிறகு மற்றக் கம்பெனிகள் வாயைத் திறக்கவில்லை. குலுக்கலுக்கு வர யாருக்கும் மனமில்லை. சீட்டு சரியாக விழாவிட்டால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு போய்விடுமே என்ற பயம். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஆய்வுக்கு வெளியே இந்தச் சிகிச்சையை எடுத்துக்கொண்டார்கள்.

1999 மே மாதம் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கத்தின் மாநாட்டில் ஐந்து ஆய்வுகள் வைக்கப்பட்டன. நான்கு, பயனில்லை என்றன. தென்னாப்பிரிக்காவின் வெர்னர் பெஸ்வோடா மட்டும் பெரும் பயன் என்றார். அவர் சொன்னதை வைத்து மேலும் பெரிய ஆய்வு தொடங்கலாம் என்று 2000 ஜனவரியில் அமெரிக்கக் குழு ஒன்று ஜோஹானஸ்பர்க் போய்க் கோப்புகளைப் பார்த்தது. மேடையில் சொன்னதும் கோப்பில் இருந்ததும் ஒத்துப்போகவில்லை. நோயாளிகளின் கையெழுத்திட்ட சம்மதப் படிவங்கள் கண்ணில் படவில்லை. அந்தச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்ததாகப் பல்கலைக்கழகக் குழுவிடம் பதிவும் இல்லை. அந்தச் சிகிச்சை அத்தோடு மங்கிப்போனது. புள்ளிவிவரத்தை நம்புவது என்றால் காகிதத்தில் அச்சான எண்ணை நம்புவதல்ல. அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்த எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

அக்குள் கதையும் தொடர்ந்தது. இப்போதெல்லாம் புற்று முதலில் போய்ச் சேரும் ஓரிரு நெறிக்கட்டிகளை, காவல் முடிச்சுகள் என்பார்கள், சாயம் விட்டுக் கண்டுபிடித்து எடுக்கிறார்கள். அதில் புற்று இருந்தால் மீதியையும் சுரண்டி எடுப்பது வழக்கமாக இருந்தது. அமெரிக்காவில் 891 பெண்களிடம் நடத்திய ஆய்வில் ஒரு பாதிக்கு மீதியை எடுக்காமல் விட்டார்கள். ஒரு பக்கம் சராசரியாக 17 முடிச்சுகள் போயின, இன்னொரு பக்கம் இரண்டே இரண்டு. பத்து வருட முடிவில், குறைவாக எடுத்தவர்களில் நூற்றுக்கு 86.3 பேரும் நிறைய எடுத்தவர்களில் 83.6 பேரும் உயிரோடு இருந்தார்கள். கட்டி சின்னதாக இருந்து, மார்பகத்தைக் காப்பாற்றி, கரண்டும் வைத்துக்கொண்ட பெண்களுக்கு மட்டும் பொருந்தும் முடிவு இது. அவர்களுக்குக் கை வீக்கம் என்ற ஆயுள் தண்டனையிலிருந்து விடுதலை.

நம் நாட்டிலிருந்தும் ஒன்று. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே தலைமையில் 11 மருத்துவமனைகள் சேர்ந்து சுமார் 1,600 பெண்களிடம் செய்த ஆய்வு 2023-ல் வெளியானது. கட்டியை வெட்டுவதற்குச் சில நிமிடம் முன்பு, பல் டாக்டர் ஈறில் போடுகிற அதே லிக்னோகேய்ன் மருந்தைக் கட்டியைச் சுற்றி ஊசியால் ஏற்றினார்கள். வெட்டும்போது செல்கள் சிதறி ஓடுவதை அது தடுக்கக்கூடும் என்பது யோசனை. ஐந்து வருடத்தில் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 90.1 பேர் உயிரோடு இருந்தார்கள், போடாதவர்களில் 86.4 பேர். மருந்தின் விலை கொசுறு. யாரும் காப்புரிமை வாங்கிப் பணம் பண்ண முடியாத மருந்து என்பதால் எந்தக் கம்பெனியும் இந்த ஆய்வைச் செய்திருக்காது. ஆனால் இங்கே ஒப்புக்கு வெறும் நீரை ஏற்றிய குழு இல்லை. யாருக்கு ஊசி போட்டோம் என்று சர்ஜனுக்குத் தெரியும். வேறு நாட்டார் செய்து பார்த்து இதே விடை வந்தால் எனக்கு இன்னும் நிம்மதியாக இருக்கும்.

முடிவைத் தேடிப்போய்ப் பார்க்க வேண்டும் என்று முதலில் பிடிவாதம் பிடித்தவர் பாஸ்டனின் எர்னஸ்ட் காட்மன். தோள்பட்டை நிபுணர். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போட்டு, ஒரு வருடம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று எழுத வேண்டும், சரியில்லை என்றால் ஏன் என்றும் எழுத வேண்டும், அதை வெளியிடவும் வேண்டும் என்றார். அவர் வேலை பார்த்த மருத்துவமனை கேட்கவில்லை. 1915 ஜனவரியில் மருத்துவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் காட்மன் பெரிய கேலிச்சித்திரம் ஒன்றைத் திரை விலக்கிக் காட்டினார்: பணக்கார பாஸ்டன் ஒரு நெருப்புக்கோழியாக மணலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு, பொன் முட்டைகளைப் பின்னங்காலால் டாக்டர்கள் பக்கம் உதைத்துத் தள்ளுகிறது. நகரமே அவரை ஒதுக்கியது. தன் சொந்தச் சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை பார்த்த 337 நோயாளிகளிடம் நடந்த 123 தவறுகளை அவர் அச்சிட்டே வெளியிட்டார். 1940-ல் இறந்தார். கல்லறைக்குப் பெயர்க் கல் 2014-ல்தான் வந்தது. அவருடைய துறையான தோள்பட்டைக்கும் பின்னாளில் சோதனை வந்தது: தோள் எலும்பைச் செதுக்கும் ஆபரேஷனை 313 பேரிடம் சோதித்த பிரிட்டிஷ் ஆய்வு, நாடக ஆபரேஷனைவிட அது மேல் இல்லை என்றது.

அட்டையில் டாக்டர் எழுதுவது ஒன்று, நோயாளியே எழுதுவது இன்னொன்று. 1998-ல் ஆக்ஸ்ஃபோர்டில் முழங்காலுக்கு 12 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உருவானது. 2009 முதல் இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை ஆபரேஷனுக்கு முன்பும் ஆறு மாதம் கழித்தும் இதை நோயாளிகளிடம் நிரப்பி வாங்குகிறது. காரில் ஏறி இறங்க முடிகிறதா, கடைக்குத் தனியாகப் போய்வர முடிகிறதா, முட்டி போட்டு எழ முடிகிறதா என்பது மாதிரிக் கேள்விகள். எக்ஸ்ரேயில் மூட்டு அச்சுப் பிசகாமல் உட்கார்ந்திருக்கும்; ஆனாலும் மாற்றியவர்களில் ஐந்தில் ஒருவருக்குத் திருப்தி இல்லை என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. முட்டி போடும் கேள்வியில்தான் மதிப்பெண் மிகவும் சரியும்.

இந்தப் படிவத்தை அப்படியே தமிழாக்கி மதுரையிலோ திருச்சியிலோ ஒரு அம்மாவிடம் கொடுத்தால் நல்ல மார்க் வாங்கிவிடுவார். கார் ஏறுவார், கடைக்கும் போவார். சம்மணம் போட்டு உட்கார முடிகிறதா என்று அதில் கேள்வி இல்லை. இந்தியன் டாய்லெட் பற்றியும் இல்லை. கோயில் பந்தியில் எல்லாரும் இலை முன்னால் தரையில் உட்காரும்போது அவர் ஓரமாக நாற்காலி தேடுவார், துக்க வீட்டில் பாயில் உட்காராமல் வாசலிலேயே நிற்பார். அவருக்கு மூட்டு மாற்றியது வெற்றியா என்பதை ஆக்ஸ்ஃபோர்டின் 12 கேள்விகள் முழுசாகச் சொல்லாது. மார்பகத்திலும் இப்படித்தான், கை வீங்குகிறதா, கண்ணாடியில் பார்த்துக்கொள்ள முடிகிறதா என்று கேட்கும் படிவங்கள் 1990களில்தான் வந்தன. ஃபிஷர் ஆய்வு தொடங்கி கால் நூற்றாண்டு கழித்து.

கேட்பதே ஒரு சிகிச்சையாகுமா என்றும் சோதித்திருக்கிறார்கள். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஈத்தன் பாஷ் குழுவினர், மார்பகம் உள்ளிட்ட சில உறுப்புகளில் முற்றிய புற்றுக்குக் கீமோ எடுக்கும் 766 பேரைப் பிரித்தார்கள். ஒரு குழு வாந்தி, வலி, மூச்சிரைப்பு போன்ற 12 தொல்லைகளைத் தொடுதிரையில் பதிய வேண்டும். அளவு மீறினால் நர்ஸுக்குச் செய்தி போகும். நர்ஸ் போன் செய்வார், மருந்தை மாற்றச் சொல்வார். இன்னொரு குழுவுக்கு வழக்கம்போல, டாக்டரைப் பார்க்கும்போது சொல்வதுதான். பதிந்தவர்கள் நடுமதிப்பாக 31.2 மாதம் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 26 மாதம். 2017-ல் இது வெளியானபோது பெரிய செய்தி. சில புது மருந்துகள் கோடிகளில் விலை வைத்துத் தருவதைவிட அதிகம் இந்த ஐந்து மாதம்.

பாஷ் அதோடு விட்டுவிடவில்லை. ஒரே மருத்துவமனையின் முடிவு, பெரிய நகரம், நல்ல வசதி. ஆகவே அமெரிக்கா முழுவதும் 52 புற்றுநோய் மையங்களில் 1,191 பேரிடம் அதையே திரும்பச் செய்தார். பதிந்தவர்களுக்குத் தொல்லைகள் குறைந்தன, நடமாட்டம் மேம்பட்டது, அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய நாள் தள்ளிப்போனது. ஆயுள் மட்டும் இரு பக்கமும் ஒன்றாகவே இருந்தது. அதையும் அவரே வெளியிட்டார்.